மேலே பார்த்தால் ஆமாம்

வாய் கொப்பளித்த தண்ணீர் உதட்டின் வலது ஓரத்தில் தானாக வழிந்து நைட்டியின் கழுத்தை நனைத்தபோது செம்மொழிக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். இன்னொரு வாய் தண்ணீர் எடுத்து உதடுகளை இறுக்கிக்கொண்டு கொப்பளித்தாள். அதுவும் அதே ஓரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். இடது பக்கம் சிரித்தது. வலது பக்கம் யாருக்கு வந்த விருந்தோ என்று சும்மா இருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அலறியிருப்பாள். செம்மொழி உடற்கூறியல் ஆசிரியை. தஞ்சாவூருக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில், புதிதாக வெள்ளைக் கோட்டு மாட்டிய பிள்ளைகளுக்கு மண்டையோட்டையும் மூளையையும் அதிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளையும் சொல்லிக்கொடுப்பவள். புருவத்தை உயர்த்திப் பார்த்தாள். வலது நெற்றியில் ஒரு சுருக்கமும் விழவில்லை. நல்லது என்று நினைத்துக்கொண்டாள். நெற்றியும் சேர்ந்து அசையாவிட்டால் கோளாறு நரம்பில். நெற்றி மட்டும் அசைந்தால் கோளாறு மேலே, பெருமூளையில். இதை அவளே எத்தனையோ பிள்ளைகளிடம் தேர்வில் கேட்டிருக்கிறாள். அப்படியானால் இது வெறும் முகவாதம். ஏழாவது நரம்பு காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகலான குழாய் வழியாக வருகிறது, வீங்கினால் நசுங்குகிறது, மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும். நேற்று குடவாசலிலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாளே, அந்த ஈரக்காற்றின் வேலை.

முகத்தைக் கழுவக் கண்ணை மூடினாள். இடது கண் மூடியது. வலது கண் மூடவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து அந்த ஒற்றைக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. முந்தாநாள் மேசையில் அவள் விரலால் மூடிவிட்டும் திறந்துகொண்ட கண்ணும் இப்படித்தான் பார்த்தது.

முந்தாநாள் மேசையில் கிடந்தவர் அவளுடைய மாமனார்.

ரெத்தினம் கறுப்புச் சட்டைக்காரர். சாமி கிடையாது, சாங்கியம் கிடையாது. மகன் இனியவனின் கல்யாணத்தில் ஐயரும் இல்லை, ஓமமும் இல்லை; மாலை மாற்றிக்கொண்ட கையோடு மேடையிலேயே குடும்பம் மொத்தமும் உடல் தானத்துக்குக் கையெழுத்துப் போட்டது. அது மணப்பெண் செம்மொழியின் யோசனை. முதல் கையெழுத்தும் அவளுடையதுதான். கைதட்டல் அடங்க நேரமானது. மாமியார் அம்சம் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள், அதை வீடியோக்காரர் தவிர யாரும் கவனிக்கவில்லை.

கடைசிக் காலத்தில் ரெத்தினத்துக்கு வேறொரு ஆசை வந்தது. அவருடைய அப்பா பண்ணையாள். ஆயுசு முழுக்க ஊரான் வயலில் உழுதவர்; செத்தபோது புதைக்கச் சொந்தமாக ஒரு சாண் மண் இல்லை. வாய்க்கால் கரையில் புதைத்தார்கள். அடுத்த வெள்ளத்தில் கரையோடு அவரும் போய்விட்டார். ரெத்தினம் பாடுபட்டுக் குடவாசல் பக்கம் ரெண்டு மா நிலம் வாங்கினார். சங்கு வேண்டாம், பால் தெளிக்க வேண்டாம், ஒரு மந்திரமும் வேண்டாம். அந்த வயலின் மூலையில் என்னை வைத்துவிடு என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தார். அம்சம் அதை மருமகளிடம் சொன்னாள். மருமகள் சிரித்தாள். மாமாவுக்கு வயதாகிவிட்டது, இயக்கத்துக்காரர்கள் கேட்டால் காறித் துப்புவார்கள் என்றாள். கல்லூரியில் முதல்வரிடம் எங்கள் வீட்டிலிருந்தே உடல் வரும் என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்ததை மட்டும் சொல்லவில்லை.

பிறகு அவருக்கு வாய் கோணியது. கண் ஒன்று மூட மறுத்தது. பேச்சு குழறி, நின்று, கைகால் மொத்தமும் விழுந்தது. ஆஸ்பத்திரியில் வயதைப் பார்த்து வீட்டுக்கு அழைத்துப்போகச் சொன்னார்கள். கூடத்தில் இரும்புக் கட்டிலில் கிடந்தார். உடம்பில் எதுவும் அசையவில்லை, கண்கள் மட்டும் மேலும் கீழுமாகப் போய் வந்தன. அம்சம் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, வயலுக்குத்தானே, ஆமாம்னா மேலே பாருங்க என்று கேட்டாள். கண்கள் மேலே போயின. மகனைக் கூப்பிட்டு மறுபடி கேட்டாள். மறுபடியும் மேலே போயின. இனியவன் பெண்டாட்டியைப் பார்த்தான், படித்தவள் அவள்தானே.

"அத்தை, அது தானா அசையுறது," என்றாள் செம்மொழி. "மாமாவுக்கு நெனவு போயிடுச்சு. மாமா இதுல இல்ல."

சொன்ன தோரணை அப்படி. அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. அவர் போனதும் கல்லூரி வண்டி வந்தது. அம்சம் வாசற்படி வரை வந்து நின்றாள். அழவில்லை.

துறையில் மூத்தவரான ஜாஹித், உடலை வேறு கல்லூரிக்கு மாற்றிவிடலாம், நீங்கள் கத்தி வைக்க வேண்டாம் என்று தணிவாகச் சொல்லிப் பார்த்தார். உடம்புக்கு ஏது சார் உறவு என்று கேட்டு அவர் வாயை அடைத்தாள் செம்மொழி. முந்தாநாள் தலையைத் திறக்கும் பாடம். புருவத்துக்கு மேலே ஈர நூலைச் சுற்றி, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய்ப் பின்மண்டையில் முடிச்சுப் போட்டு, அந்த நூலை ஒட்டிக் கோடு வரைந்து, கோட்டின் மேல் ரம்பத்தை ஓட்டினாள். எலும்புத் தூளின் வாடையும் உடலைப் பதப்படுத்திய ஃபார்மலின் நெடியும் கலந்து பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். உளியை வைத்துத் திருகியதும் மண்டையோட்டின் மூடி கழன்று வந்தது. நெற்றிப் பக்கமாக விரல்களை நுழைத்து மூளையைத் தூக்கிக்கொண்டே நரம்புகளை வரிசையாக வெட்டினாள். வாசனைக்கு ஒன்று. பார்வைக்கு ஒன்று. இமையைத் தூக்கவும் கண்ணை மேலும் கீழும் உருட்டவும் மூன்றாவது. கண்ணை வெளிப்பக்கம் திருப்ப ஆறாவது. முகத்துக்கு ஏழாவது. கடைசியில் நாக்குக்குப் பன்னிரண்டாவது. மூளை முழுதாகக் கைக்கு வந்தது. கனமாக இருந்தது.

மூளைத்தண்டில் நடுவே புடைத்திருக்கும் பகுதிக்குப் பெயர் பான்ஸ். பாலம் என்று அர்த்தம். மூளை உடம்புக்கு அனுப்பும் கட்டளையெல்லாம் அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும். ஐப்பசி வெள்ளத்தில் பாலம் இடிந்தால் அக்கரை ஊர் செத்தா போகிறது, அங்கே அடுப்பெரியும், பேச்சிருக்கும், இக்கரைக்குச் சேதி மட்டும் வராது என்று வருடா வருடம் வகுப்பில் சொல்லுவாள். பிள்ளைகள் ரசித்துக் குறித்துக்கொள்வார்கள். முந்தாநாளும் அதைச் சொல்லிக்கொண்டே பான்ஸைக் குறுக்காக அரிந்தாள். உள்ளே, முன்பாதி முழுக்க, கறுத்துக் குழைந்து கிடந்தது. அதற்கு மேலே நடுமூளையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. பெருமூளையில் இல்லை.

முன்வரிசையில் நின்ற பரிதி என்ற பெண் கேட்டாள். "மேடம், மேல எல்லாம் நல்லா இருக்கே. அப்ப இவருக்கு நினைவு இருந்திருக்குமில்ல?"

நேரமாகிவிட்டது, போகலாம் என்றாள் செம்மொழி. பிள்ளைகள் போன பிறகு மண்டையோட்டின் மூடியை அவசரமாகத் திருப்பி வைத்துவிட்டு, அந்த முகத்தை மூடத் துணியை இழுத்தாள். காலையில் அவளே மூடிவிட்ட இமைகள் திறந்திருந்தன. கலங்கிப்போன கண்கள் இரண்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஃபார்மலின் பட்டால் இமை சுருங்கும். சுருங்கினால் திறக்கும். ஆனால் விழி ஏன் மேலே போக வேண்டும் என்பதற்கு அவளிடம் பாடம் எதுவும் இல்லை. விரலால் மூடினாள். திரும்ப ஏறிக்கொண்டன.

அவர் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். மாமா இதுல இல்ல என்று அவள் சொன்னதையும், அவர் தலைமாட்டில் நின்றே வண்டிக்குப் போன் செய்ததையும்.

நேற்று விடுப்புப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வயலுக்குப் போனாள். சம்பா நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. மூலையில் மட்டும் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு நடாமல் விட்டிருந்தார்கள். வயலைப் பார்த்துக்கொள்ளும் தியாகேசன், அம்சம் அம்மாதான் அங்கே நட வேண்டாம் என்றார்கள் என்றான். பயிருக்கு நடுவே அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கறுப்பாக நின்றது. அவள் ஒரு வார்த்தை எழுதிக்கொடுத்தால் போதும், கல்லூரி உடலைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதற்கு முன்னால் அத்தையிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பஸ் முழுக்க வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அத்தை, சாப்பிடுறியா என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். படித்தவளுக்கு நாக்கு அவ்வளவு சுலபமாக மடங்குமா என்ன.

இப்போது காலை. துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டு வெளியே வந்தவளை அம்சம் நிமிர்ந்து பார்த்தாள். வாயோரத்தைப் பார்த்தாள், மூடாத கண்ணைப் பார்த்தாள், பிறகு கீரை ஆய்வதைத் தொடர்ந்தாள்.

"அவருக்கும் மொதல்ல தண்ணிதான் ஒழுகிச்சு," என்றாள்.

இது வேறு, அத்தை, என்று செம்மொழி விளக்கினாள். அது மூளையில் வந்தது, இது வெளி நரம்பில் வந்தது என்றாள். கண் மூடாமல் கிடந்தால் காய்ந்து புண்ணாகிவிடும், அதனால் படுக்கும்போது இமையை இழுத்து பிளாஸ்டர் ஒட்ட வேண்டும் என்று சுருளை எடுத்துக் காட்டினாள். அம்சம் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். இனியவன் வேளாண்துறை வேலையாகப் பேராவூரணி போயிருந்தான். போனில் சொன்னதற்குப் பதறினான். சாயங்காலம் வா, பேசணும் என்றாள். எதைப் பற்றி என்று அவன் கேட்டதும் போனை வைத்துவிட்டாள்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. கரண்டு போனது. அறை முழுக்கச் சாம்பல் வெளிச்சம்; தகரத்தின் மேல் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருக்க, எத்தனை சோப்புப் போட்டும் எலுமிச்சை தேய்த்தும் போகாத ஃபார்மலின் நெடி அவள் விரல்களிலிருந்து தலையணைக்கும், தலையணையிலிருந்து மூக்குக்குமாக ஏறிக்கொண்டிருந்தது. வலது இமையை இழுத்து ஒட்டிக்கொண்டு படுத்தாள். மாத்திரை மயக்கத்தில் கண் அசந்தது. எவ்வளவு நேரமோ தெரியாது. வேர்வையில் பிளாஸ்டர் பிரிந்து, அவள் தூக்கத்துக்குள் இருக்கும்போதே அந்தக் கண் மட்டும் தனியாகத் திறந்துகொண்டு பார்க்கத் தொடங்கியது.

கதவு திறந்திருந்தது. கதவுக்கு அப்பால் கூடம். கூடத்தில் இரும்புக் கட்டில், சுருட்டி வைத்த மெத்தை. மெத்தைக்குப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு. கறுப்புச் சட்டை. ஈரம் சொட்டியது. தலையைச் சுற்றி, காதுகளுக்கு மேலே, நூல் பிடித்ததுபோல ஒரு கோடு. கோட்டுக்கு மேல் இருந்தது கோட்டுக்குக் கீழ் இருந்ததோடு சரியாகப் பொருந்தவில்லை. வைத்தவர் அவசரத்தில் வைத்ததுபோலக் கொஞ்சம் திரும்பியிருந்தது. அவசரத்தில் வைத்தவள் அவள்தான்.

கண்ணை மூடினாள். இடது கண் மூடியது.

கட்டில் கிரீச்சிட்டது. அவர் திரும்பினார். மெதுவாக, மேல் மூடி விழுந்துவிடக் கூடாது என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டு. விழிகள் மேலே போயிருந்தன. மூட முடியாத கண்ணை உள்ளங்கையால் பொத்தப் பார்த்தாள். கை வரவில்லை, தூக்கம் கையைப் பிடித்து வைத்திருந்தது. இடது கண்ணையும் பதறித் திறந்தாள்.

திறந்ததும் இரண்டு மாமா.

இரண்டு கட்டில். இரண்டு கதவு. இரண்டு முகமும் பக்கத்துப் பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. கத்தினாள். கத்தியதும் கை விடுபட்டது, கட்டில் காலியானது. சுருட்டி வைத்த மெத்தை மட்டும் இருந்தது.

ஆனால் மெத்தை இரண்டாக இருந்தது.

எழுந்து உட்கார்ந்தாள். வலது கண்ணைப் பொத்தினால் ஒரு கட்டில். கையை எடுத்தால் இரண்டு. ஆறாவது நரம்பு. வலது கண் வெளிப்பக்கம் திரும்ப மறுக்கிறது. ஏழாவது நரம்பு மூளைத்தண்டை விட்டு வெளியே வருமுன் ஆறாவதின் பிறப்பிடத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் வரும். இரண்டும் சேர்ந்து போனால் கோளாறு காதுக்குப் பின்னால் இல்லை. இரண்டும் சேர்ந்திருக்கிற இடம் ஒன்றுதான். பாலம். அங்கே அடிபட்டாலும் நெற்றி சேர்ந்தேதான் விழும். காலையில் அதை ஏன் நினைக்கவில்லை. வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாள்.

பயம் அப்போதுதான் வந்தது. போன் எங்கே. ஆஸ்பத்திரி. இல்லை, முதலில் அத்தை. நாக்கு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இரண்டு அம்சம் இரண்டு அடுப்பின் முன் நின்றார்கள்.

"அத்தை," என்றாள். அது சரியாக வந்தது. "மாமா..."

அம்சம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

மாமாவுக்குக் கேட்டிருக்கிறது, அவர் ஆமாம் என்றுதான் சொன்னார், நான்தான் பொய் சொன்னேன், வயலுக்கே கொண்டுபோய்விடலாம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நேற்று கோத்து வைத்த வாக்கியங்கள் வரிசையாக நின்றன. நாக்கு புரளவில்லை. வாயிலிருந்து எச்சிலும், மாடு கத்துவதுபோல ஒரு சத்தமும் வந்தன. மறுபடி முயன்றாள். அதே சத்தம். அம்சத்தின் முகத்தில் பதற்றம் இல்லை. எதற்கோ ரொம்ப நாளாகக் காத்திருந்தவளின் பொறுமைதான் இருந்தது. முழங்கால் மடங்கியது. தரை குளிர்ச்சியாக இருந்தது. அது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் மூளைத்தண்டு என்றார்கள். ஆழ்ந்த மயக்கம் என்றார்கள். அவள் விழித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன விளக்கை அடித்துப் பார்த்தவர்கள் ஒருவரும் மேலே பாருங்கள் என்று சொல்லவில்லை. கொஞ்ச நாளில் மூக்கில் குழாயோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடத்தில் இரும்புக் கட்டிலில் மெத்தையை விரித்தார்கள்.

இனியவன் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதான். அழுது முடித்து நிமிர்ந்தவன் அவள் கண்களைப் பார்த்தான். மேலே. கீழே. மேலே. தன் உயிரில் மிச்சமிருந்த அத்தனையையும் அந்தக் கண்ணுக்குள் கொண்டுவந்து அவள் அசைத்தாள்.

"அம்மா, இங்க வா. இவ என்னமோ சொல்ற மாதிரி இருக்கும்மா."

அம்சம் வந்தாள். அவனைச் சுடுதண்ணீர் எடுத்துவர அனுப்பினாள். கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர் மேல் அன்றைக்குக் குனிந்த அதே மாதிரி, முகத்துக்கு நேராகக் குனிந்தாள். வாயில் வெற்றிலை வாசனை. செம்மொழிக்கு அதுவும் தெரிந்தது, முதல் நரம்புக்கு ஒரு குறையும் இல்லை.

"நான் பேசுறது கேக்குதா? கேட்டா மேல பாரு."

மேலே பார்த்தாள்.

அம்சம் அசையாமல் நின்றாள். அவள் கண்ணில் நீர் கட்டி, இறங்காமல், வற்றியது.

"அவரும் இப்படியேதான் பார்த்தாரு," என்றாள்.

இனியவன் வெந்நீரோடு வந்து நின்றான். என்னம்மா என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்ல தம்பி. அது தானா அசையுறது. அவ இதுல இல்ல." மருமகளின் வாயோரத்தைத் துணியால் மெல்லத் துடைத்துவிட்டாள். "ஜாஹித் சார்கிட்ட சொல்லி வை. கல்யாணத்துல மொத கையெழுத்து இவளோடதுதானே. அவ ஆசைப்படியே ஆகட்டும்."

மேலே. மேலே. மேலே.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனோடு வாசலுக்குப் போனான். அம்சம் மாடத்திலிருந்து பிளாஸ்டர் சுருளை எடுத்தாள். பல்லால் கடித்து ஒரு துண்டு கிழித்தாள்.

"கண்ணு காஞ்சி புண்ணாயிடும்னு நீதானம்மா சொன்ன."

வலது இமையை இழுத்து ஒட்டினாள். இன்னொரு துண்டு கிழித்தாள். இடது கண் மேலே போனது, கீழே வந்தது, மேலே போனது. கட்டைவிரல் நெருங்கியது. வெள்ளை. பிறகு வெள்ளையும் இல்லை.

காலடிச் சத்தம் கூடத்தைக் கடந்து போனது. கதவு சாத்தும் சத்தம். வாசலில் இனியவன் யாரிடமோ, ஆமாம் சார், ஆமாம் சார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மழை.

ஃபார்மலின் நெடி வந்தது. தலைமாட்டில் கட்டில் ஒரு பக்கமாக அழுந்தியது. அவள் முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

புருவத்துக்கு மேலே ஈரமான நூல் ஒன்று பட்டது. மெதுவாக நெற்றியைச் சுற்றியது. காதுக்கு மேலே ஏறியது. பின்மண்டையில் முடிச்சு இறுகியது.